தோல்வி செல்லாது

விண்கலப் போர் மேசையாட்ட விதித் தேர்வுச் சங்கத்தில் பதினொரு வருடமாக யாரும் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இதை ஒரு குறை என்று நினைத்துவிடாதீர்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையில் ‘சாதனைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியே அதுதான்: “இவ்வாண்டும் அவசரப்பட்டு எந்த ஆட்டமும் ஆடப்படவில்லை.” அடுத்த வரியில் ஒத்துழைத்த உறுப்பினர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

பல்செட்காரருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் மனுஷன் அந்தப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டார்.

அவர் தொழில் பல்செட் செய்வது. நாலு பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறவர்கள் யார், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவருக்குத் தெரியாது. ஒரு நாள் மிச்சமாகிப்போன ஈறு நிறக் கலவையைக் கொட்ட மனசு வராமல், கையளவில் ஒரு விண்கப்பல் பிடித்து வைத்தார். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்குப் பீரங்கி எங்கப்பா?”

அவர் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து மேலே ஒட்டினார். அன்றைக்கு ஆரம்பித்த கூத்துதான். இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு கப்பல் ஆகிவிட்டது. ஈறு நிறத்தில் பதினொன்று அப்பாவுக்கு, வெள்ளைச் சுண்ணத்தில் பதினொன்று மகளுக்கு. எல்லாவற்றுக்கும் வரிசை வரிசையாகப் பல். கூடத்து அலமாரியில் அவை அணிவகுத்து நின்றன.

“வீட்டுக்கு வர்றவங்கல்லாம் பயப்படறாங்க. அலமாரி பல்லைக் காட்டுதாம்” என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். கேட்க அங்கே ஆள் இல்லை.

கப்பல் தயார். சண்டை போடுவது எப்படி? பொம்மைக் கடைக்காரரிடம் கேட்டார்கள். “அதுக்கு நாப்பத்தி மூணு விதிமுறை இருக்கு சார். நாப்பத்தி மூணு புத்தகமும் சங்கத்துலதான் இருக்கு. எதை வெச்சு ஆடணும்னு அவங்கதான் தேர்ந்தெடுக்கிறாங்க” என்று அவர் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே மகளுக்கு வேலை உத்தரவு வந்தது. நடுக்கடலில் ஒரு தீவு, அதில் ஒரு வானிலை நிலையம், இரண்டு வருட ஒப்பந்தம். அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கிளம்ப வேண்டும். “போறதுக்குள்ள ஒரே ஒரு சண்டை போட்டுடணும்பா. முறைப்படி” என்றாள். அந்த ‘முறைப்படி’தான் அவரை மாட்டிவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஆறு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருந்தது.

சங்கம் ஒரு அச்சகத்துக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. நீளமான கூடம். நடுவில் பன்னிரண்டடி மேசை. அதன் மேல் கறுப்புத் துணி, துணியில் வெள்ளைப் பொட்டாக நட்சத்திரங்கள். யாரும் தொட்டுவிடக்கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். சுவரோரம் கண்ணாடி அலமாரியில் நாற்பத்து மூன்று விதிப் புத்தகங்கள் பூட்டில் இருந்தன. ஜன்னல் பக்கம் ஒரு மரத்தாங்கியில் தடிமனான பதிவேடு; அட்டையில் ‘ஆடப்பட்ட ஆட்டங்கள்’ என்று பொன்னெழுத்து.

செயலாளர் மெலிந்த மனிதர். தேர்வுத் துறையில் வினாத்தாள் கட்டுகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பல்செட்காரர் கப்பல் பெட்டியைத் திறக்கப் போனதும் கையமர்த்தினார்.

“முதல்ல தேவை மதிப்பீட்டுப் படிவம். நூத்திப் பதினாலு கேள்வி. ஒரு பக்கத்துக்கு எத்தனை கலம்?”

“பதினொண்ணு சார்.”

“எவ்வளவு நேரத்துல ஆட்டம் முடியணும்?”

“சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சா நல்லது.”

செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ‘எந்தச் சாப்பாடு என்று விண்ணப்பதாரர் தெளிவுபடுத்தவில்லை’ என எழுதினார்.

“கலம் அடிவாங்கினா ஒரேயடியாச் சாகணுமா, கொஞ்சம் கொஞ்சமாச் சாகணுமா?”

“வேற வழி எதுவும் இல்லையா சார்?”

“மூணாவது கட்டம் கிடையாது.”

“அப்ப கொஞ்சம் கொஞ்சமா.”

“அதுக்கு இணைப்பு ஏழு. எந்தெந்த அறை முதல்ல போகணும்னு வரிசையா எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. கலத்தோட நிறம்?”

“ஈறு நிறம்.”

செயலாளர் பட்டியலை மேலும் கீழும் தேடினார். “அப்படி ஒண்ணு இல்லையே.”

“ரோஸ்னு போட்டுக்குங்க சார்.”

“ஆரோக்கியமான ஈறா, வீங்கின ஈறா? நாளைக்கு ஆட்சேபணை வந்தா நான்தான் பதில் சொல்லணும்.”

கடைசியில் உறுப்பினராகச் சேர்வதற்கு ஓர் உறுதிமொழி: ‘சங்கம் தேர்ந்தெடுக்காத எந்த விதியிலும் ஆடமாட்டேன்.’ பல்செட்காரர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிற ஜாதி மனிதர். போட்டார். ‘சங்கம் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றியது கையெழுத்து காய்ந்த பிறகுதான்.

“தேர்வு நடந்துக்கிட்டிருக்கு” என்றார் செயலாளர்.

“எவ்வளவு நாளா?”

“அது கேள்விப் படிவத்துல வராது.”

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முக்கியப் பிரச்சினையைக் காட்டினார்கள். பிரச்சினை இதுதான்: எஞ்சினை நிறுத்தினால் கப்பல் நிற்குமா, போய்க்கொண்டே இருக்குமா? சில புத்தகங்களில் நிற்கும், சில புத்தகங்களில் நிற்காது. இதில் சங்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நிற்கும் கட்சிக்குத் தலைமை, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். எல்லோரும் அவரை ‘பிரேக்’ என்றே கூப்பிட்டார்கள். நிற்காத கட்சிக்குத் தலைமை, கணக்கு டியூஷன் எடுப்பவர். அவர் பெயர் ‘மிதப்பு’.

“இருபத்தேழு வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன். பிரேக் இல்லாத வண்டியை ஒரு நாளும் ஸ்டாண்டை விட்டு எடுத்ததில்லை. இப்ப மட்டும் எடுப்பேனா?” என்றார் பிரேக்.

“விண்வெளியில உரசல் கிடையாதுய்யா! தள்ளி விட்டா போய்க்கிட்டேதான் இருக்கும். எத்தனை தடவை கரடியாக் கத்தறது?” என்றார் மிதப்பு.

தலைவர் தொண்டையைச் செருமினார். நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். இரண்டு நாற்காலிக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால்கூட மூன்று சாட்சி வேண்டும் என்பார். “பரிசோதனை பண்ணிப் பார்த்துடுவோம்” என்றார்.

கூடத்துக்கு வெளியே நீண்ட நடை. உரசலைப் போக்குவதற்காக அதில் சோப்புத் தண்ணீர் ஊற்றப்பட்டது. சக்கர நாற்காலி ஒன்றில், எடை குறைந்தவர் என்ற காரணத்தால், செயலாளரை உட்காரவைத்தார்கள். மிதப்பு தள்ளினார். நாற்காலி அம்பாகப் பாய்ந்து தலைவரைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியில் போய் டமாரென்று முட்டி நின்றது. நாற்காலி நின்றது, செயலாளர் நிற்கவில்லை.

“பாத்தீங்களா, நின்னுடுச்சு!” என்று குதித்தார் பிரேக்.

“பாத்தீங்களா, போய்க்கிட்டே இருக்கார்!” என்று குதித்தார் மிதப்பு.

இரு தரப்பும் வென்றதாகக் குறிப்பேட்டில் பதியப்பட்டது. எழுதவேண்டிய செயலாளர் தொட்டிக்குள் இருந்ததால் தலையை மட்டும் நீட்டி வாய்மொழியாகச் சொன்னார். பல்செட்காரர் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அதற்கு அவருக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. பரிசோதனை முடிவு அறிவிக்கும் முன்பு கலத்தின் திசையை மாற்றினாராம்.

மூன்றாவது வாரம் பகடை நடுநிலைத் துணைக்குழு. ஒரே ஒரு உறுப்பினர், ஒரே ஒரு பகடை. அந்தப் பகடை எந்தப் பக்கமும் சாயாமல் நியாயமாக விழுகிறதா என்று பார்க்க, ஆறு வருடமாக அதை உருட்டி உருட்டி எழுதிக்கொண்டிருந்தார். உருண்டு உருண்டு அது மூலை மழுங்கி, புள்ளி அழிந்து, பட்டாணி மாதிரி ஆகிவிட்டது. உருட்டினால் நிற்காமல் ஓடியது. அவர் குனிந்தபடியே நோட்டும் கையுமாகப் பின்னால் ஓடினார்.

“இதுல எண்ணே இல்லையே சார்?” என்றார் பல்செட்காரர்.

“அதான் விஷயமே. இப்ப இது எந்தப் பக்கமும் சாயறதில்லை. இதைவிட நடுநிலை உங்களுக்கு எங்க கிடைக்கும்?”

நாலாவது வாரம் அதிசயமாக அலமாரியைத் திறந்தார்கள். பதினேழாம் எண் புத்தகம் வெள்ளோட்டத்துக்கு எடுக்கப்பட்டது. பல்செட்காரர் கப்பல் பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். செயலாளர் எழுந்து முதல் வாக்கியத்தை உரக்கப் படித்தார்: “ஆட்டக்காரர்கள் இருவரும் மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கவும்.”

“நிக்கணுமா, உக்காரலாமா?” என்றது ஒரு குரல். கேட்டவருக்கு முழங்கால் வலி.

அன்றைய பொழுது அதிலேயே போனது. நிற்பது கட்டாயம் என்றால் மேசையின் உயரம் என்ன, உயரம் யாருடைய இடுப்புக்கு, இடுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. மாலையில் புத்தகத்தை ‘அவசரத் தன்மை கொண்டது’ என்று குறித்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

வீட்டில் மகள் சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரியில் கப்பல்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. “என்னப்பா ஆச்சு?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்டவள், இந்த வாரம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது போல. கேட்டிருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருப்பார். அதற்குப் பதில் ஒரு துணியை மடித்து அவளிடம் நீட்டினார்.

ஐந்தாவது ஞாயிறு, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“ஐயா, எம் பொண்ணு இருபத்தெட்டாம் தேதி கிளம்பறா. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வருவா. நாப்பத்தி மூணுல ஏதாவது ஒண்ணு குடுங்க. மோசமானதா இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆட்டம்.”

தலைவர் மெல்ல எழுந்து, மேசையைச் சுற்றியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசினார். அந்தப் பேச்சை அச்சடித்துச் சங்கத்துச் சுவரில் பிறகு மாட்டினார்கள்.

“தம்பி, உங்க வருத்தம் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. விளையாடத் தெரிஞ்சவங்க வெளியில ஆயிரம் பேர் இருப்பாங்க. தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சவங்க உங்களையும் சேர்த்து நாம பத்தொன்பது பேர்தான். நாளைக்கே ஒரு விதியைத் தேர்ந்தெடுத்துட்டோம்னு வைங்க. மறுநாள் என்ன ஆகும்? ஆடணும். ஆடினா என்ன ஆகும்? ஒருத்தர் தோக்கணும். இங்க உக்காந்திருக்கிற பெரியவங்கள்ல தோக்கறதுக்குத் தயாரா இருக்கிறவங்க யாராவது கை தூக்குங்க பாப்போம்.”

ஒரு கையும் எழவில்லை. மூக்கைச் சொறியப் போன ஒருவர்கூடக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

“பாத்தீங்களா? பதினொரு வருஷமா இந்தச் சங்கத்துல ஒரு உறுப்பினர்கூடத் தோத்ததில்லை. உலகத்துல இப்படி இன்னொரு சங்கம் இருந்தாக் காட்டுங்க. எல்லாரும் ஜெயிச்ச மாதிரியே இருக்கோம். இதை ஒரு ஆட்டத்துக்காகக் கெடுத்துக்கச் சொல்றீங்களா?”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பல்செட்காரரும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்து வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆறாவது ஞாயிறு இருபத்தேழாம் தேதி. அவர் சங்கத்துக்குப் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மகள் தட்டுகளை எடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையை ஈரத் துணியால் துடைத்தாள். அலமாரியில் இருந்து இருபத்திரண்டு கப்பலையும் கொண்டுவந்து இரண்டு பக்கமும் நிறுத்தினாள்.

“அப்பா, உன் மெழுகுத் தகடு ஒண்ணு எடு. ஒரு முறைக்கு ரெண்டு தகடு தூரம் நகரலாம். மூணு தகடுக்குள்ள இருந்தா சுடலாம். பகடையில அஞ்சோ ஆறோ விழுந்தா எதிரிக்கு ஒரு பல்லு போச்சு. எல்லாப் பல்லும் போனா கப்பல் எதிராளிக்கு. அவ்வளவுதான்.”

அவர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். “வெயில்ல மெழுகு இளகும், பாப்பா. காலையில ஒரு நீளம் இருக்கும், இப்ப ஒரு நீளம் இருக்கும்…”

“அப்பா.”

“இல்ல, எஞ்சினை நிறுத்தினா நிக்குதா, மிதக்குதான்னு முதல்ல…”

“அப்பா!”

மனைவி பகடையைக் குலுக்கிக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, சங்கத்து ஆளு யாரோ நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கார் போல இருக்கு. அவரை வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு, எம் புருஷனை வரச் சொல்லுங்க.”

அவர் வெட்கம் பிடுங்கித் தின்ன, தன் முதல் கப்பலை இரண்டு தகடு முன்னால் தள்ளினார்.

அடடா, அந்தச் சண்டையை என்ன சொல்ல! மகளின் வெள்ளைக் கப்பல்கள் உப்பு ஜாடியை வளைத்துக்கொண்டு வந்தன. இவர் ஆவேசமாக நடுவில் புகுந்து மூன்று கப்பலைப் பொக்கை வாயாக்கினார். மனைவி நடுவராக இருந்துகொண்டு பச்சையாக மகள் பக்கம் சாய்ந்தாள். “அது அஞ்சுதான்” என்று நாலைக் காட்டிச் சாதித்தாள். இவர் தகட்டை லேசாக இழுத்து அளந்தார்; மகள் பார்த்துவிட்டு விரலில் அடித்தாள். எஞ்சினை நிறுத்தினால் கப்பல் என்ன ஆகும் என்ற கேள்வி யாருக்கும் வரவில்லை. எவனும் எஞ்சினை நிறுத்துகிற மனநிலையில் இல்லை.

கடைசியில் இவருடைய படையின் தலைமைக் கப்பலான கொடிக்கப்பல் மட்டும் மிச்சம். பதினாலு பல் கொண்ட பெரிய கப்பல். செய்ய மூன்று வாரம் ஆனது. மகள் குறடு வைத்து ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கினாள். இவருக்கு விழுந்ததெல்லாம் இரண்டும் ஒன்றும். பதினாலாவது பல் போனதும் அவள் நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். இவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் கழித்துத் தானே வந்து, பொக்கையாகிப்போன கொடிக்கப்பலைப் பஞ்சில் சுற்றி, பல்செட் அனுப்புகிற டப்பாவில் வைத்து, அவள் சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே செருகினார். “ஜெயிச்சவங்க எடுத்துட்டுப் போகணும்” என்றார். இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அதற்கு முன் அனுபவித்ததில்லை. தோற்றதில் என்ன சந்தோஷம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் பஸ் ஜன்னல் வழியாக மகள் கையை நீட்டி அவர் கன்னத்தைத் தட்டினாள். “அழாதப்பா. தோத்ததுக்கு அழறேன்னு நினைச்சுப்பேன்” என்றாள்.

அடுத்த ஞாயிறு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கால் அதன் பாட்டுக்குச் சங்கத்துக்குப் போய்விட்டது. கூட்டம் ஆரம்பிக்கவில்லை, கூடத்தில் யாருமில்லை. ஜன்னல் பக்கம் அந்தப் பதிவேடு. திறந்து பார்த்தார். நானூறு பக்கம், ஒன்றிலும் ஒரு எழுத்தில்லை. பக்கத்தில் நூல் கட்டிய பேனா ஒன்று கிடந்தது.

இந்த இடத்தில்தான் மனுஷன் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். அந்தப் பதிவேட்டை அது எதற்காக வைக்கப்பட்டதோ அதற்கே பயன்படுத்தினார். முதல் பக்கம், முதல் வரி. தேதி. ஆட்டக்காரர்கள்: நான், என் மகள். விதி: மெழுகுத் தகடு. முடிவு: நான் தோற்றேன். கீழே இடம் இருந்ததால் ‘நல்ல ஆட்டம். என் கொடிக்கப்பலை மகள் ஜெயித்து எடுத்துப் போனாள்’ என்றும் எழுதினார்.

அரைமணி கழித்து அதைப் பார்த்த செயலாளர் பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். “எழுத்து… எழுத்து…” என்று பதிவேட்டைக் காட்டினார். அவசரப் பொதுக்குழு அங்கேயே கூடியது.

தலைவர் பதிவேட்டை மூன்று சாட்சிகளை வைத்துக்கொண்டு படித்தார். “உறுதிமொழியை மீறினது ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருத்தர் தோத்திருக்கார். பதினொரு வருஷச் சாதனை ஒரே வரியில போச்சு” என்றார்.

“இவரை விலக்கிடலாம்” என்றார் மிதப்பு.

“விலக்கறதுக்கான விதி இன்னும் தேர்வுல இருக்கு” என்றார் செயலாளர்.

“அப்ப ஒண்ணு செய்யலாம்” என்று தலைவர் கண்ணை மூடி யோசித்தார். “ஆடினது தேர்ந்தெடுக்காத விதி. அது விதியே இல்லை. விதி இல்லாத இடத்துல ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லேன்னா தோல்வியும் இல்லை. தோல்வி செல்லாதுன்னு தீர்மானம் போடுவோம். யார் யார் ஆதரவு?”

பதினெட்டுக் கை ஒரே நேரத்தில் எழுந்தது. பதினொரு வருடத்தில் சங்கம் ஏகமனதாக எடுத்த முதல் முடிவு! பிரேக்கும் மிதப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினார்கள். பகடைக்காரர் சந்தோஷத்தில் பட்டாணியைக் கைவிட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினார். செயலாளர் முதல் பக்கத்தின் மேல் சிவப்பு மையில் அடித்து ‘செல்லாது’ என்று எழுதினார்.

“உங்களுக்குச் சாதகமாத்தான் முடிவு, தம்பி” என்று தலைவர் அவர் தோளைத் தட்டினார். “நீங்க தோக்கவே இல்லை. அதனால அந்தக் கொடிக்கப்பல் இன்னும் உங்க கலம்தான். உங்க மகள் கிட்ட இருந்து அதைத் திருப்பி வாங்கி, இருப்புல காட்டணும். ‘நான் தோற்கவில்லை’ன்னு இந்தக் காகிதத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.”

காகிதத்தை நீட்டினார்கள். பல்செட்காரர் பழக்கத்தில் பேனாவைத் திறந்துவிட்டார்.

வீட்டு அலமாரியில் கொடிக்கப்பல் இருந்த இடம் காலியாக இருந்தது. இந்த ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் அவர் பார்ப்பது அந்தக் காலி இடத்தைத்தான். அங்கே இருந்த கப்பல் கடலுக்கு நடுவே மகளின் மேசை மேல் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அதை நினைத்தால்தான் அன்றைய வேலை ஓடும். அந்த இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள் இந்தப் படுபாவிகள்.

“கப்பல் வராதுங்க” என்றார்.

“என்ன?”

“திருப்பிக் கேக்க மாட்டேன். எம் பொண்ணு அதை ஜெயிச்சு எடுத்துட்டுப் போயிருக்கா. பதினாலு பல்லையும் என் கண்ணு முன்னாடி பிடுங்கினா. நான் தோத்தேன். நல்லாத் தோத்தேன். அது என்னோட தோல்வி. அதுல கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை.”

அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. குனிந்து, காகிதத்தில் ‘நான் தோற்கவில்லை’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘நான் தோற்றேன்’ என்று எழுதி, வழக்கத்தைவிடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். இப்படிப் போட்டது கையெழுத்தாகுமா என்று ஆராய உடனே ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அவர் பேனாவை மூடிக்கொண்டு வெளியே நடந்தார்.

மாடிப்படியில் பின்னால் யாரோ தடதடவென்று இறங்கி வந்தார்கள். பிரேக். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு காதோரம் குனிந்தார்.

“நிஜமாவே ஆடினீங்களா?”

“ஆடினேன்.”

“எப்படி இருந்துச்சு?” பதில் வருவதற்குள் அவரே அவசரமாகக் கேட்டார்: “எஞ்சினை நிறுத்தினா… நின்னுச்சா?”

“பாக்கவே மறந்துட்டேன் சார்” என்றார் பல்செட்காரர்.

பிரேக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். மகளுக்குப் போன் போட்டார். தீவில் காற்று ஊளையிடும் சத்தம் கேட்டது.

“பாப்பா, நீ ஜெயிச்சதைச் செல்லாதுன்னுட்டாங்க.”

“யாரு?”

“பதினெட்டுப் பேரு. ஏகமனதா.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒரு அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“சரி விடு. அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கலாம். அம்மாகிட்ட சொல்லி, நீ சொல்ற மாதிரியெல்லாம் மேசையில நகர்த்தச் சொல்லு. நான் இங்க சட்டைப் பொத்தானை வெச்சு நகர்த்திக்கிறேன். தோத்தவங்கதான் முதல்ல நகரணும்.”

“அப்படி ஒரு விதி இருக்கா?”

“இப்பத்தான் போட்டேன்.”

அவர் ஏறவேண்டிய பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போய்விட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நடுத்தெருவில் நின்று, உரக்கச் சொன்னார்:

“சின்னக் கப்பல், இடது பக்கம். ரெண்டு தகடு முன்னாடி.”